பாட்டில்லாத சனிக்கிழமை

காந்திமதிநாதன் அண்ணாச்சி பேசிக் கேட்டவர்கள் பேட்டையில் பத்துப் பேர் இருந்தால் அதிகம். அவருடைய பெட்டி பேசிக் கேட்காதவர்கள் எங்கள் நாலு தெருவில் ஒருவர்கூடக் கிடையாது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இந்தப் பிள்ளை தனக்கு வாய்க்காத வாயை ஊருக்கெல்லாம் வைத்துக் கொடுத்துப் பிழைத்தது.

அவருக்குத் திக்குவாய். லேசான திக்கு இல்லை. ஒரு சொல்லின் முன்னால் போய் நின்றால் அது வெளியே வர வெகுநேரம் ஆகும். பள்ளிக்கூடத்தில் அவர் ‘உள்ளேன் ஐயா’ சொல்லி முடிப்பதற்குள் அடுத்த நாலு பேர் சொல்லிவிடுவார்களாம். கல்யாணமும் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன வீட்டில் பெயரைக் கேட்டார்கள், ‘கா’வைத் தாண்டுவதற்குள் காப்பி ஆறிவிட்டது என்று ஒருமுறை காகிதத்தில் எழுதிக் காட்டிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வீட்டுக்காரர்கள் மேல் இன்றைக்கும் எனக்குக் கோபம்தான்.

தொழில் சவுண்ட் சர்வீஸ். கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் குழாய் ரேடியோ கட்டுவார். எண்பத்து மூன்றாம் வருஷம் வாக்கில், வீட்டுக்கு வீடு பெண்கள் மடியில் சுளகை வைத்துக்கொண்டு காலை முதல் சாயந்திரம் வரை பீடி சுற்றுவதைப் பார்த்து அவருக்கு ஒன்று தோன்றியிருக்கிறது. இவர்களுக்குக் கை ஓடுகிறது, கண் ஓடுகிறது, காது சும்மா கிடக்கிறது. அந்தக் காதுக்கு ஒரு வேலை கொடுத்தால் என்ன? கடைக்கு மேலே உள்ள மாடி அறையில் ஆம்ப்ளிஃபயரை வைத்து, அங்கிருந்து முருங்கை மரம், மொட்டை மாடிச் சுவர், பள்ளிவாசல் காம்பவுண்டு என்று கிடைத்ததிலெல்லாம் கம்பியைக் கட்டி, அறுபத்தொரு வீட்டுக்கு ஆளுக்கொரு மரப்பெட்டியில் ஸ்பீக்கர் மாட்டிக் கொடுத்துவிட்டார். நிலையத்துக்குப் பெயர் எதுவும் வைக்கவில்லை. எல்லோரும் ‘பொட்டி’ என்றார்கள்.

பெட்டியில் சத்தத்தைக் குறைக்கிற திருகோ அணைக்கிற பொத்தானோ கிடையாது. முதலில் வைத்திருந்தார். பிள்ளைகள் திருகித் திருகிக் கழற்றிவிட்டார்கள், அவரும் விட்டுவிட்டார். கம்பி இருந்தால் பெட்டி பேசும். கம்பியை அறுத்தால்தான் வாயை மூடும்.

காலை ஆறு மணிக்கு மூன்று சாமிக்கும் மூன்று பாட்டோடு தொடங்குவார். அப்புறம் டவுன் பஸ் எத்தனை மணிக்கு, ரேஷன் கடையில் இன்றைக்கு என்ன போடுகிறார்கள் என்ற விவரத்தை எழுதிக் கொடுத்து யாரையாவது வாசிக்கவைப்பார். அப்புறம் சினிமாப் பாட்டு, நாதஸ்வரம், வில்லுப்பாட்டு, கேட்பவருக்கே காரணம் தெரியாத ஏதாவது ஒன்று. யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஆப்பிரிக்க மத்தளக் கேசட்டை ஒரு நாள் மதியம் பூராவும் போட்டார். அன்றைக்கு ஆயிரம் பீடி ஐந்து மணிக்கே முடிந்துவிட்டதென்று பெண்கள் மறுநாளும் அதையே கேட்டார்கள். அவர் போடவில்லை. ஒரே குழம்பை இரண்டு நாள் ஊற்ற மாட்டார்.

நான் எலிசபெத். பாளையங்கோட்டையில் பிறந்து, ஆரம்பப் பள்ளி டீச்சராகப் பேட்டைக்கு வந்து சேர்ந்தவள். பள்ளிக்கூடம் விட்டதும் மாடியேறி, ஐந்தரை மணிக்கு நானே எழுதிய தொடர்கதையை மைக்கில் வாசிப்பேன். அதை இலக்கியம் என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் என் கதாநாயகிக்கு மஞ்சள் காமாலை வந்தபோது மூன்று பெண்கள் கீழாநெல்லி பறித்துக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தார்கள். எனக்கு அது போதும்.

தொண்ணூற்று நாலாம் வருஷம் ஆனி மாதம் மைதீன் பிச்சை பாய் இறந்துபோனார். தொழிற்பேட்டையில் லேத் வேலை பார்த்தவர். சம்சாரம் ஆபிதா பீவி. ‘எவனோ வீட்டுக்குள்ள கம்பிய இழுக்கான்’ என்று ஊரே சந்தேகப்பட்ட காலத்தில், ‘எங்க வீட்டுல மாட்டுங்க அண்ணாச்சி, என்ன சொல்லுதுன்னு கேப்போம்’ என்று முதல் பெட்டியை வாங்கி ஆணியில் தொங்கவிட்ட மனுஷி.

துக்க வீட்டுக்கென்று அண்ணாச்சி ஒரு முறை வைத்திருந்தார். தெருவில் சாவு விழுந்தால் அன்றைக்கு நிலையமே ஊமை. மறுநாள் மற்ற வீடுகளுக்குப் பாட்டு ஓடும். துக்க வீட்டுக் கம்பியை மட்டும் அவரே ஏணி வைத்து ஏறி அறுத்துவிடுவார். பதினாறு கழிந்த மறுநாள் யாரும் கூப்பிடாமலே ஏணியோடு போய் நின்று இணைத்துவிடுவார். அழுகிற வீட்டில் பாட்டுக் கேட்கக் கூடாது, ‘நிறுத்துங்கள்’ என்று அவர்கள் வாய்விட்டுச் சொல்லும்படியும் வைக்கக் கூடாது, அவ்வளவுதான். பதினோரு வருஷமாக எல்லோரும் அதை மரியாதை என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். நானும்தான்.

ஆபிதா அக்கா வீட்டுக் கம்பியையும் அப்படித்தான் அறுத்தார். முஸ்லிம் வீடுகளில் புருஷன் இறந்தால் மனைவி நாலு மாதம் பத்து நாள் வாசலைத் தாண்டாமல், அந்நிய ஆண் யாரையும் பாராமல் இத்தா இருக்க வேண்டும். அண்ணாச்சி காலண்டரைப் புரட்டி, விரல் விட்டு எண்ணி, ஐப்பசியில் ஒரு தேதியைச் சுற்றி வட்டம் போட்டார். அன்றைக்குத்தான் ஏணி எடுப்பதென்று முடிவு.

இருபது நாள் கழித்து ஒரு வியாழக்கிழமை சாயந்திரம், நான் கதை வாசித்து முடித்து மைக்கை வைக்கும்போது, ஆபிதா அக்காவின் அடுத்த வீட்டு அக்தர் பானு மூச்சிரைக்க மாடியேறி வந்தாள்.

“ஆபிதாக்கா சொல்லிவிட்டா அண்ணாச்சி. சொல்லிவிட்டான்னு சொல்லக் கூடாதுன்னும் சொல்லிவிட்டா.”

அண்ணாச்சி கையை விரித்து ‘என்ன’ என்றார்.

“பதினாறு கழிஞ்சும் ஏணி வரலயே, ஆம்பிள போன வீடுதானன்னு அண்ணாச்சியும் கம்பிய அத்துட்டாவளோன்னு கேக்கா. வேற ஒண்ணும் சொல்லல. மூணு நாளா அதையேதான் திருப்பித் திருப்பிக் கேக்கா. பதினோரு வருசமா பேசிக்கிட்டுக் கெடந்த பொட்டி. அவ்வொ மவுத்தான மறுநாளே அதுவும் மவுத்தாப் போச்சில்லா? ஒத்தையில உக்காந்து சுத்துதா. கை ஓட மாட்டேங்கு. இலைய வெட்டி வெட்டி வச்சிட்டு சொவத்தப் பாத்துக்கிட்டு இருக்கா.”

அண்ணாச்சியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. யாரையும் ஒரு சொல் கடிந்து பேசியிராத மனுஷன். நல்லது என்று நினைத்துச் செய்தது ஒருத்தியின் நெஞ்சில் போய் இப்படிக் குத்தி நின்றதே என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நேரில் போய்ச் சொல்லவும் வழியில்லை. இத்தாவில் இருக்கிறவர் முன்னால் போய் நிற்க முடியாது. கடிதம் எழுதலாமென்றால் ஆபிதா அக்காவுக்கு எழுத்து தெரியாது. அக்தர் பானுவிடம் சொல்லியனுப்பினால் அது போய்ச் சேரும்போது கையும் காலும் முளைத்திருக்கும். அவளே அதை ஒப்புக்கொண்டாள். ஆகமொத்தம், அந்த வீட்டுக்குள் போகக்கூடிய ஒரே வழி அவர் அறுத்த கம்பிதான்.

கம்பியை இணைத்தால் பாட்டும் சேர்ந்தல்லவா போகும்? “பொட்டியில ஒரு சுவிட்சு வச்சு அனுப்புங்க, நான் போயி மாட்டிவிடுதேன்” என்றாள் அக்தர் பானு. எனக்கும் அது சரியென்றே பட்டது. அண்ணாச்சி காகிதத்தை இழுத்து எழுதினார்: ‘ஒவ்வொரு பாட்டுக்கும் எழுந்து போய் அணைக்க வேண்டும். அணைக்கிற ஒவ்வொரு தடவையும் நினைப்பு வரும். அது வேண்டாம்.’ கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு அடியில் எழுதினார்: ‘சனிக்கிழமை பாட்டு கிடையாது. எந்த வீட்டுக்கும்.’

“பன்னெண்டு மணி நேரம் பாட்டில்லாம என்னத்தப் போடுவீங்க அண்ணாச்சி?” என்று கத்தினேன்.

அவர் என்னைச் சுட்டிக் காட்டினார். பிறகு அக்தர் பானுவை.

அப்புறம் இன்னொரு காகிதத்தில் நாலு வரி எழுதி மடித்து என்னிடம் நீட்டினார். ஆபிதா அக்காவிடம் மன்னிப்புக் கேட்கிற வரிகள். சனிக்கிழமை நான் வாசிக்க வேண்டுமாம். நான் வாங்கவில்லை.

“கம்பிய அத்தது நானா? அத்த ஆளுதான் சொல்லணும். என் கொரல்ல போனா அதுவும் ஒரு தொடர்கதை மாதிரி ஆயிரும். அவ்வளவுதான்.”

பொல்லாதவள் என்பதைப் போல் பார்த்தார். பார்க்கட்டும். காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு, டேப் ரெக்கார்டரை மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டு சீவலப்பேரி பஸ் ஏறினார். எதற்கென்று யாரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை வெளுக்கும்போதே ஏணியில் ஏறிக் கம்பியை இணைத்துவிட்டார். எனக்குப் பள்ளிக்கூடம் விடுமுறை. ஆறு மணிக்கு நான் மாடியேறும்போது சளசளவென்று ஒரு சத்தம் போய்க்கொண்டிருந்தது. ஐந்து நிமிஷத்தில் பின்தெருக்காரி ஒருத்தி கீழே வந்து நின்றாள்.

“அண்ணாச்சி, பொட்டியில கடுகு வெடிக்கி. லைன்ல கோளாறா?”

நான் மைக்கைப் பிடித்தேன். “கடுகு இல்ல, கோளாறும் இல்ல. சீவலப்பேரியில சிற்றாறும் தாமிரபரணியும் சேருற எடத்துல தண்ணி ஓடுத சத்தம். அண்ணாச்சி நேத்து போயி பிடிச்சிட்டு வந்திருக்காவ. நம்ம தெருவுல ஒரு வீட்டுல துக்கம். அந்த வீடும் இன்னைக்கு நம்மளோட கேக்குது. அதனால பாட்டு கெடையாது” என்றேன். பின்தெருக்காரி தலையாட்டிவிட்டுப் போனாள். முக்கால் மணி நேரம் ஆறு ஓடியது. நடுவில் யாரோ துணி துவைக்கிற சத்தமும், ஒரு மாடு தண்ணீர் குடிக்கிற சத்தமும், பஸ்ஸைத் தவறவிட்ட ஒருவர் திட்டுகிற சத்தமும் இருந்தன. திட்டை மட்டும் அழித்திருக்கலாம்.

எட்டு மணிக்குத் தாணுமாலையன் மிருதங்கத்தோடு வந்துவிட்டார். சனிக்கிழமை அவருடைய நாள், விஷயம் தெரியாது. சொன்னதும் மிருதங்கத்தை உறையில் போட்டுவிட்டு, “அப்பம் வாயால சொற்கட்டு மட்டும் சொல்லுதேன். அது பாட்டு இல்லல்லா?” என்றார். பாட்டா இல்லையா என்று பெரிய வழக்காகிவிட்டது. சொல்லிக் காட்டச் சொன்னோம். தகதிமி என்று அவர் தொடங்கியதும் தீர்ப்புச் சொல்ல வந்த அக்தர் பானுவின் கை தானாகத் தொடையில் தாளம் போட்டது. “ஆகாது அண்ணாச்சி, துக்க வீட்டுல கை இப்படி ஆடப்பிடாது” என்று எழுந்துவிட்டாள். அதற்குப் பதிலாகத் தாணுமாலையன், ஒரு கச்சேரிக்கு நெல் லாரியில் போய், மூட்டைக்கு அடியில் சிக்கிய மிருதங்கத்துக்காக வழியெல்லாம் தான் அழுதுகொண்டே போன கதையை முக்கால் மணி நேரம் சொன்னார். முப்பது வருஷமாக மிருதங்கத்தை மட்டும் பேசவிட்ட மனுஷன் இவ்வளவு நன்றாகப் பேசுவார் என்று யாருக்குத் தெரியும்?

பத்து மணிக்குத்தான் அன்றைய நாளின் பெரிய சங்கதி. அண்ணாச்சி மைக்கின் வயரை நீளமாக இழுத்து ஜன்னலில் கட்டினார். அக்தர் பானுவை ஸ்டூலில் உட்காரவைத்துத் தெருவைக் காட்டினார். அவளுக்குப் புரியவில்லை. ‘ஆபிதா அக்கா தெருவைப் பார்த்து இருபது நாளாகிறது. நீ பார்த்துச் சொல்லு’ என்று எழுதிக் கொடுத்தார். நான் படித்துச் சொன்னதும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த கையோடு ஆரம்பித்துவிட்டாள்.

“ஆபிதாக்கா, தெருவச் சொல்லுதேன், கேட்டுக்க. கோழிக்காரரு சைக்கிள்ல வாராரு. மூணு கோழி. ஒண்ணு கறுப்பு, அது இவருகூட வார மூஞ்சியா இல்ல. மாவு மில்லுல கூட்டம் இல்ல, நம்ம பச்சரிசிய இன்னைக்குக் குடுத்துரலாம். ஒன் வீட்டு முன்னால உள்ள வேம்புல ஒரு கொப்ப ஒடிச்சிட்டானுவ, யாருன்னு விசாரிக்கேன். சாரல் காத்து மண்ண வாரி அடிக்கி. காஜியார் வீட்டுக் கொடியில பச்சை சேலை, புதுசு. ஏட்டி, டீக்கடையில நிக்கது யாரு? தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போயாச்சின்னு வீட்டுல சொல்லிட்டு இங்கன நின்னு வடை திங்காரு ஒருத்தரு. பேரு சொல்ல மாட்டேன். ஊதாச் சட்டை.”

இரண்டே நிமிஷத்தில் ஒரு வீட்டுக் கதவு திறந்தது. ஊதாச் சட்டைக்காரர் பாதி வடையோடு சைக்கிளில் ஏறிப் பறந்தார். நாலு தெருவும் சிரித்தது. கம்பி வழியாகச் சிரிப்புக் கேட்காது, ஜன்னல் வழியாகக் கேட்டது. ஒன்றே கால் மணி நேரம் சொன்னாள் அக்தர் பானு. அதுபோல ஒரு வர்ணனையை நான் அதற்குப் பிறகும் கேட்டதில்லை.

மதியம் நான் மூன்றாம் வகுப்பு வண்ணத்துப்பூச்சிப் பாடத்தை நடத்தினேன். தகர ஓட்டில் மழை விழுகிற கேசட் ஒன்றை அண்ணாச்சி போட்டார். பாதிப் பேர் துணி எடுக்க ஓடினார்கள், மீதிப் பேர் தூங்கினார்கள். நாலு மணிக்குக் கேட்டவர்கள் அனுப்பிய விடுகதைகள். அதற்குள் நாளே கரைந்துவிட்டது. அண்ணாச்சி சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்தரை என் நேரம். நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றேன். அவர் காகிதத்தை மறுபடியும் நீட்டினார். கண்ணால் கெஞ்சினார். நாற்பத்து நாலு வயதில் ஒருவர் அப்படிக் கெஞ்சினால் யாருக்கும் இளகும். எனக்கும் இளகியது. ஆனாலும் வாங்கவில்லை.

“அண்ணாச்சி, சிரிக்கதுக்கு இங்கன யாரும் இல்ல. எல்லாரும் ஒங்க பொட்டியக் கேட்டே வளந்தவொ. பைய சொல்லுங்க. எவ்வளவு நேரம் ஆனாலும் நான் இங்கயே நிக்கேன்.”

உட்கார்ந்தார். மைக்கை இழுத்தார். அவரே வைத்த மைக்கின் முன்னால் பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அன்றுதான் உட்கார்ந்தார். ‘ஆ’ என்ற எழுத்தில் போய் நின்றார். நிற்கிறார், நிற்கிறார், கழுத்து நரம்பு புடைக்கிறது, வெளியே வரவில்லை. நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். ஊரெல்லாம் அந்த ‘ஆ’வைக் கேட்டுக்கொண்டிருந்தது.

“ஆ… ஆ… ஆபிதாக்கா. நா… நான் காந்திமதி… நாதன்.”

பெயர் வந்துவிட்டது. அதற்குப் பிறகு காகிதத்தைப் பார்க்கவே இல்லை.

“க… கம்பிய அத்தது நான்தான். ம… மரியாதைன்னு நெனச்சி அத்தேன். ஒங்ககிட்ட ஒ… ஒரு வார்த்த கேக்கல. கேட்டிருக்கணும். பா… பாய் இல்லன்னு எளக்காரமா அறுக்கல. ஆ… ஆம்பிள இல்லாத வீடுன்னு என் ம… மனசுல ஒருநாளும் வந்ததில்ல. மொ… மொதப் பொட்டி ஒங்க வீடு. அத அத்த கை இது. ம… மன்னிச்சிருங்கக்கா.”

இதைச் சொல்லி முடிக்க ஏழு நிமிஷம் ஆயிற்று. நான் வாசித்திருந்தால் அரை நிமிஷம். அவர் மைக்கை அணைத்துவிட்டு வேர்வையைத் துடைத்தார். நான் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. நான்தான் அழுதேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்கு முன்னால் அழக்கூடாத டீச்சர் அழுவதைப் போல அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து நேரே மாடிக்குப் போனேன். பதில் தெரியாமல் பாட்டுப் போட மனமில்லாமல் மறுபடியும் ஆற்றையே ஓடவிட்டிருந்தார் அண்ணாச்சி. சற்று நேரத்தில் அக்தர் பானு வந்தாள். இந்த முறை மூச்சிரைக்கவில்லை, நிதானமாக, சொல்லை எண்ணி எடுத்து வந்தவளைப் போல நின்றாள்.

“ஆபிதாக்கா சொல்லிவிட்டா. சொல்லிவிட்டான்னு சொல்லவும் சொன்னா. எனக்காக ஊருப் பொம்பளையெல்லாம் எதுக்குப் பாட்டில்லாம சுத்தணும், இன்னைக்கே போடச் சொல்லுன்னா. பாட்டு வந்தா அவ பின்னால கிணத்தடிக்குப் போயிருவாளாம். அங்கன சத்தம் கேக்கும், பாட்டு வெளங்காதாம். ஆனா ஒண்ணு. பாட்டு எப்பம் முடியுதுன்னு அவளுக்குத் தெரியணும். முடிஞ்சா முடிஞ்சிட்டுன்னு பொட்டியில சொல்லணும்.”

“அதுக்கென்ன, நான் சொல்லிருதேன்” என்றேன்.

“நீங்க சொல்லக் கூடாதாம் டீச்சர்” என்றாள் அக்தர் பானு. “டீச்சரு கொரலு அங்கேருந்து கேட்டா அதுவும் பாட்டு மாதிரியேதான் இருக்கும், வித்தியாசம் தெரியாது. அண்ணாச்சி பேசினா எங்கன இருந்தாலும் தெரியும், அவ்வொளே சொல்லட்டும்னு சொல்லிட்டா.”

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. எனக்கு ஒருபக்கம் ரோஷமாக இருந்தது, என் குரலைக் குறை சொல்ல யாரும் பிறக்கவில்லை என்று இறுமாந்திருந்தவள் நான். இன்னொரு பக்கம் நெஞ்சு நிறைந்துபோயிற்று. இந்தத் திக்குவாயை இத்தனை வருஷம் எல்லோரும் பொறுத்துக்கொண்டார்கள், பரிதாபப்பட்டார்கள், நான் உட்பட. இதுதான் வேண்டும் என்று கேட்ட ஒரே ஆள் ஆபிதா அக்கா.

அவர் எழுந்து ஆற்றை நிறுத்தினார். கேசட்டை மாற்றி, ஒரு பாட்டைப் போட்டார். நாலரை நிமிஷம். அது ஓடுகிற நேரமெல்லாம் உதட்டை மட்டும் அசைத்துச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்தது. மைக்கை அருகே இழுத்தார்.

“அ… அக்கா. பா… பா… பாட்டு முடிஞ்சிட்டு. வ… வந்து உக்காருங்க.”